மேனேஜர் தின்றதாகச் சொல்லப்படும் சாக்லேட்

“இது என்னங்க?”

மனைவியின் இரண்டு விரல்களுக்கு நடுவில் தங்க நிறக் காகிதம் ஒன்று மின்னியது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பை இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தபோது சோபாவுக்கு அடியில் கிடந்தது கண்ணில் பட்டுவிட்டது.

சோபாவில் உட்கார்ந்திருந்தவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆறாவது சாக்லேட் அவருடைய இடது கன்னத்துக்குள் இருந்தது. கடித்தால் சத்தம் கேட்கும். விழுங்கினால் தொண்டை அசையும். அதனால் அதைக் கரையவிட்டுக்கொண்டு, உலகப் பிரச்சினை எதையோ யோசிப்பவர் போல ஜன்னலைப் பார்த்தார்.

அவர் காப்பீட்டு நிறுவனமொன்றில் ஆய்வாளர். தீப்பிடித்த கடை, திருடுபோன டிவி, யாரும் தொடாமலே சாய்ந்துவிழுந்த கண்ணாடி அலமாரி என்று யார் என்ன விண்ணப்பித்தாலும் நேரில் போய்ப் பார்த்து, நிஜமா பொய்யா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடங்களாக மற்றவர்கள் பொய்யைக் கேட்டுக் கேட்டு, பொய்யை எப்படிச் சொல்லக் கூடாது என்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். சொல்லித்தான் பழக்கமில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

கன்னத்தில் இருந்தது கரைந்து முடிந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டி அறையின் மூலையைக் காட்டினார்.

“மேனேஜர்.”

மூலையில் இருந்த நாய் தலையைத் தூக்கியது. அதன் பெயர்தான் மேனேஜர். நாள் முழுக்கப் படுத்திருக்கும். யாராவது வேலை செய்தால் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்க்கும். காரணமில்லாமல் ஒரு தடவை குரைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

“மேனேஜரா?” மனைவி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். “இது நாலா மடிச்சிருக்கே?”

இருந்தது. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, மில்லிமீட்டர் பிசகாமல் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் இப்படி மடித்துவிடுவது ஆய்வாளரின் பழக்கம். கோப்புகளோடு வாழ்ந்ததில் விரல்களுக்கு வந்த வியாதி.

“நான்தான் மடிச்சேன். தரையில கிடந்துச்சு.”

“மடிச்சு, மறுபடியும் சோபாவுக்கு அடியிலயே போட்டீங்களா?”

இந்தக் கேள்வியை அவரே பலரிடம் கேட்டிருக்கிறார். யாருமே நல்ல பதில் சொன்னதில்லை.

அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. மனைவி மருத்துவமனையில் உணவு நிபுணர். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் கிடையாது. ‘வெள்ளரிக்காய், ஆறு துண்டு, அவருக்கு, மாலை நான்கு மணி.’ ‘பாதாம், ஐந்து, அவருக்கு, நடந்துவிட்டு வந்த பின்.’ ஈரம் பட்டாலும் அழியாத பேனாவால், பள்ளிக்கூடக் கரும்பலகை போன்ற குண்டுக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருப்பாள். நாளை மறுநாள் அவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை. அளவு ஏறியிருந்தால் ஆபீஸ் ஃபிரிட்ஜுக்கும் வந்து ஸ்டிக்கர் ஒட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள். அந்த ஆபீஸில் அவரைப் பார்த்து நடுங்குவதற்கென்றே இரண்டு ஜூனியர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்முன் வெள்ளரிக்காய், ஆறு துண்டு.

அதற்குப் பதில் மேனேஜர் இருபது நிமிடம் திட்டு வாங்கட்டும். அதற்குத் திட்டு புரியப்போவதில்லை. நியாயமான ஏற்பாடாகவே அவருக்குத் தோன்றியது.

ஆனால் திட்டு வரவில்லை. மனைவி காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

“சாக்லேட்டா? மேனேஜர் சாக்லேட் தின்னுச்சா?”

“ஆபீஸ்ல ஒருத்தர் ரிடையர் ஆனார். ஒரு டப்பா குடுத்தாங்க. யாராவது வந்தா குடுக்கலாமேன்னு வெச்சிருந்தேன். அதுல ஒண்ணு…”

“ஐயோ, நாய்க்குச் சாக்லேட் விஷம்! தெரியாதா உங்களுக்கு?”

தெரியாது. சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. மனித உடம்பு அதை மணிக்கணக்கில் கழித்துவிடும். நாயின் உடம்புக்கு நாள் கணக்கில் ஆகும். இதயம் தறிகெட்டு ஓடும், நடுக்கம் வரும், வலிப்பு வரும், உயிரும் போகலாம் என்பதையெல்லாம் மனைவி ஒரே மூச்சில் சொன்னாள். ஆய்வாளர் சுவாரஸ்யமாகக் கேட்டார். தான் தின்றதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

“ஒண்ணுதான். நான் பாத்துட்டேன். உடனே தடுத்துட்டேன்.”

“ஒண்ணுதானா? நல்லாப் பாத்தீங்களா?” அவள் நாயைப் பார்த்தாள். நாய் தண்ணீர்க் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் காலி. “இருங்க, பையை எடுத்துட்டு வந்துடறேன். டாக்டர்கிட்ட போகணும்.”

உள்ளறைக்கு ஓடினாள். பை தோளிலேயேதான் இருந்தது. பதற்றத்தில் இருப்பவர்களிடம் சின்னத் தவறுகளைச் சுட்டிக்காட்டக் கூடாது என்பதால் அவர் சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. டாக்டர் காகிதத்தைக் கேட்பார். நாய் நான்காக மடிக்காது. அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய், தங்கக் காகிதத்தைப் பிரித்து, வாயில் வைத்து நன்றாக நாலு கடி கடித்தார். கசக்கினார். எச்சில் போதாததுபோல் தோன்றியதால் இன்னொரு தடவை மென்றார்.

மனைவி திரும்பி வந்தபோது முகத்தில் சுத்தமாக ரத்தமில்லை.

“அண்ணனுக்கு ஃபோன் பண்ணுங்க,” என்றாள். “இப்பவே.”

அவளுடைய அண்ணன் அடுத்த தெருவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். கார் என்று அவரிடம் இருந்தது ஒன்றுதான். கூரையில் ‘பழகுநர்’ என்று பலகை வைத்து, பயிற்சி கொடுப்பவருக்காக இடப்பக்க இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் பொருத்திய கார். அந்த இருக்கையில் ஆய்வாளர் உட்கார்ந்தார். பின்னால் மனைவியும் மேனேஜரும்.

“என்ன மாப்ளே, நாயை எதிர்ல வெச்சு ஸ்வீட் சாப்பிட்டியாமே?” என்றார் அண்ணன்.

“நான் எங்க மச்சான் சாப்பிட்டேன்? அதுதான் தின்னுச்சு.”

“அதானே. உன் வீட்ல உனக்கு யாரு குடுப்பா?”

ஆய்வாளர் பின்னால் திரும்பினார். “இங்க பாரு, நல்லாத்தானே இருக்கு. வீட்டுக்குப் போயிடலாமே. ஒரு சாக்லேட்டுக்குப் போய்…”

மேனேஜர் நன்றாக இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது. இருக்கையில் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. முனகியது. பின்னங்கால் லேசாக நடுங்கியது. தன் பொய்க்கு ஒரு நாய் இவ்வளவு ஒத்துழைப்பு கொடுக்கும் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கவில்லை.

“வேகமாப் போ அண்ணா!”

அண்ணன் வேகமாகத்தான் போகப் பார்த்தார். ஆனால் டாக்டர் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் ஆய்வாளரின் கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. தரையில் பிரேக் இருந்தது. கார் முக்கி முக்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, “பாவம், முதல் நாள் போல,” என்று ஒருவர் ஆறுதலாகக் கை காட்டிவிட்டுப் போனார்.

“மாப்ளே, காலை எடு.”

“எடுத்துட்டேன் மச்சான்.”

“பதினாறு வருஷமா வண்டி சொல்லிக் குடுக்கறேன். காலை எடுக்காதவன்தான் எடுத்துட்டேன்னு சொல்லுவான்.”

கால்நடை மருத்துவமனையின் முன்னறையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன பாட்டில்கள். ஒன்றில் குழந்தையின் காலுறை, ஒன்றில் ஏழு பொத்தான்கள், ஒன்றில் செஸ் குதிரை, இன்னொன்றில் காது கேட்கும் கருவி. ஒவ்வொன்றிலும் தேதி, மிருகத்தின் பெயர், எடை எழுதி ஒட்டியிருந்தது.

“எல்லாம் வயித்துக்குள்ளேருந்து வந்தது சார்,” என்றார் வெள்ளை மீசை வைத்த கம்பவுண்டர். மியூசியத்தைச் சுற்றிக் காட்டுபவரின் பெருமை குரலில் இருந்தது. “எது வெளிய வந்தாலும் கழுவி, துடைச்சு, என்னன்னு பாத்துட்டுத்தான் விடுவேன். டாக்டரம்மா எதுக்குய்யா இந்த வேலைன்னு கேப்பாங்க. தெரிஞ்சுக்கணும்ல சார்?”

மனைவி அந்த பாட்டில்களைப் பார்த்தாள். ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தாள். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆய்வாளர் கம்பவுண்டரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு நாய் ஒண்ணுமே தின்னல. ஆனா தின்னுச்சுன்னு நெனச்சு வாந்தி எடுக்க ஊசி போட்டுட்டா?”

“கஷ்டம்தான் சார். வெறும் வயித்தைப் போட்டுப் புரட்டும். பாவம்.” அவர் கண்கள் சுருங்கின. “எந்த நாய் சார்?”

“பொதுவா கேட்டேன்.”

“பொதுவா யாரும் அதைக் கேட்டதில்லையே. இதோ பாருங்க சார், இங்க வர்றவங்க எல்லாரும் எதையாவது மறைப்பாங்க. ஆனா வயித்துக்குள்ள போனது எதுவும் இதுவரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்ல.”

ஆய்வாளருக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் டைரியில் குறித்திருப்பார்.

“மேனேஜர்! மேனேஜர் உள்ள வரலாம்!”

பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த கோட்டு போட்ட மனிதர் எழுந்தார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நான் லீவுல இருக்கேன்,” என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்துவிட்டு நாயை உள்ளே கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா இளவயதுக்காரர். ஒரு காதில் பேனா. எதைக் கேட்டாலும் அப்படியா என்று கண்ணை விரித்துக் கேட்பவர். மேனேஜரை எடை மேடையில் நிறுத்தினார். ஒன்பது கிலோ.

“எத்தனை தின்னுச்சு?”

“ஒண்ணு,” என்றார் ஆய்வாளர்.

“பன்னெண்டு,” என்றாள் மனைவி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணா, பன்னெண்டா?”

“பன்னெண்டுன்னே வெச்சுக்கங்க டாக்டர். எங்க தொழில்ல எப்பவும் அதிகபட்சத்தைத்தான் எடுத்துக்குவோம்,” என்றாள் மனைவி.

“டப்பாவுலயே ஆறுதான் இருந்துச்சும்மா!” என்றார் ஆய்வாளர். “சரி, ரெண்டுன்னு வெச்சுக்கலாம்.”

“பன்னெண்டு.”

“மூணு. இதுக்கு மேல முடியாது.”

“ஏலமா விடறீங்க ரெண்டு பேரும்?” என்றார் வாசலில் நின்ற அண்ணன்.

“பால் சாக்லேட்டா, டார்க்கா?” டாக்டர் கேட்டார்.

“பால் சாக்லேட்.” “டார்க்.” இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“டார்க்னு நெனச்சுக்கங்க டாக்டர். பாதுகாப்புக்கு.”

டாக்டர் காதிலிருந்து பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். “இந்த எடைக்கு, பால் சாக்லேட் ஆறு தின்னாக்கூடக் கொஞ்சம் வயித்துக் கோளாறோட போயிடும். டார்க், அதுவும் பன்னெண்டுன்னா உயிருக்கே ஆபத்து. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எனக்கு உண்மை தெரியணும். காகிதம் இருக்கா?”

ஆய்வாளர் கடிபட்ட தங்கக் காகிதத்தை நீட்டினார். டாக்டர் அதை விளக்குக்குக் கீழே பிடித்தார். கண் விரிந்தது.

“விசித்திரமா இருக்கே. நாய்ப் பல் குத்தும். இது வரிசையா அழுத்தியிருக்கு. மேல ரெண்டு பல்லுக்கு நடுவுல இடைவெளி வேற.” நிமிர்ந்தார். “நீங்க என்ன சார் நெனைக்கறீங்க?”

ஆய்வாளர் மேல் வரிசையில் இரண்டு பல்லுக்கு நடுவில் இடைவெளி உள்ளவர். அதனால் வாயைத் திறக்காமல் தோளைக் குலுக்கினார்.

அவர் மண்டைக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. இழப்பைக் குறைத்துச் சொல்பவன் பயந்தவன். கூட்டிச் சொல்பவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. ஜூனியர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அதை இப்போது எங்கே பொருத்துவது என்று யோசிப்பதற்குள் டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார்.

“எதுக்கும் வாந்தி எடுக்க வெச்சுடலாம். பிடிச்சுக்கங்க.”

மேனேஜர் ஆய்வாளரின் கையை நக்கியது. சாக்லேட் வாசனை இன்னும் இருந்திருக்க வேண்டும். எட்டு வருடங்களாக வாலாட்டுவதைத் தவிர அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத நாய். வெறும் வயித்தைப் போட்டுப் புரட்டும் என்று கம்பவுண்டர் சொன்னது காதில் ஒலித்தது. ஆபீஸ் ஃபிரிட்ஜ், ஜூனியர்கள், வெள்ளரிக்காய் எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்து போயின. போகட்டும்.

“டாக்டர், நிறுத்துங்க! நான்தான் தின்னேன். ஆறையும்.”

அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஐந்து தங்கக் காகிதங்கள். ஓரத்தோடு ஓரம் ஒட்டி, நான்காக மடித்து, ஒரே அளவில். ஆறாவதைக் காட்டி, “அதைக் கடிச்சதும் நான்தான்,” என்றார்.

“கடிச்சியா?” அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “உக்காந்து கடிச்சியா, நின்னுட்டுக் கடிச்சியா மாப்ளே?”

டாக்டரின் உதடு துடித்தது. ஊசியைக் கீழே வைத்தார். “அப்ப நாய் ஒண்ணுமே தின்னல. கூட்டிட்டுப் போங்க.”

ஆய்வாளர் மனைவியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“போடுங்க டாக்டர்,” என்றாள் மனைவி.

ஆய்வாளர் கண்ணைத் திறந்தார்.

“அதான் அவரே தின்னேன்னு சொல்றாரேம்மா.”

“அவர் பேச்சை நம்பாதீங்க. ஊசின்னா அவருக்குப் பயம். நாய்க்குப் போட்டாலும் பயம். பன்னெண்டு, டார்க். போடுங்க.”

“நான் சத்தியமாத்தான் சொல்றேன்! வாயை ஊதிக் காட்டட்டுமா?”

“நீங்க சும்மா இருங்க.”

பதினெட்டு வருடங்களில் எத்தனையோ பொய்களை அவர் பிடித்திருக்கிறார். உண்மையைச் சொல்லியும் நம்பாமல் போனது இதுதான் முதல் தடவை. ஆறு சாக்லேட்டுக்கு ஒரு வசவுகூட விழாதது அதைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நாயின் மார்பில் வைத்தார். கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

“எப்ப நடந்துச்சு இது?”

“அரை மணி முன்னாடி,” என்றார் ஆய்வாளர்.

“அரை மணியில இதயம் இவ்வளவு ஓடாதே. ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். தண்ணி நிறையக் குடிச்சுச்சா?”

“ரெண்டு கிண்ணம். வெயில்னு நெனச்சேன்.”

“மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?”

“இன்னிக்கு லீவு. தூங்கிட்டிருந்தேன்.”

மனைவி மேனேஜர் பக்கம் குனிந்தாள். நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“உங்க ரெண்டு பேர்ல யாரு சொல்றது நிஜமோ எனக்குத் தெரியாது,” என்றார் டாக்டர். “இதயம் பன்னெண்டுன்னு சொல்லுது.”

ஊசி போட்டார். கம்பவுண்டர் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நாய் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆய்வாளரின் கால் தரையை அழுத்தியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது அவள் கை.

“பொழைச்சுக்கும்ல?” என்றாள்.

“ஒண்ணும் ஆகாது. தின்னாத்தானே ஆகும்?” என்றார். சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கையில்லை. “ஆமா, நீ எதுக்குப் பன்னெண்டு பன்னெண்டுன்னே சொல்லிட்டிருந்தே?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்தது.

கம்பவுண்டர் ஒரு தட்டோடு நின்றார். பின்னாலேயே மேனேஜர் தள்ளாடி வந்து, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, காரணமில்லாமல் ஒரு தடவை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

டாக்டர் குனிந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். “குறைய ஆரம்பிச்சுடுச்சு. நல்லவேளை கொண்டுவந்தீங்க. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்.” ஆய்வாளரைப் பார்த்தார். “தின்னுச்சுன்னு முதல்ல சொன்னது நீங்கதானே சார்? எப்படித் தெரிஞ்சுது?”

ஆய்வாளர் நாயைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அதில் கழுவித் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்த காகிதங்களில் ஒன்றுகூடத் தங்க நிறமில்லை. எல்லாம் பச்சை.

கம்பவுண்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“காகிதம் சரியாப் பன்னெண்டு டாக்டர், கூடவே ஒரு ஸ்டிக்கரும் வந்திருக்கு, எழுத்து கொஞ்சம்கூட அழியல: ‘டார்க் சாக்லேட், பன்னிரண்டு, எனக்கு மட்டும், தினமும் ஒன்று, அவர் தூங்கிய பின்.’”